மூச்சை அடக்காதீங்க

திருச்சியில் ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொடுத்தவர் அவர். வெயிலில் கறுத்த முகத்தில் மாஸ்க் மறைத்த இடம் மட்டும் வெளுத்திருக்கும். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்ப்பார். சிரிப்பு கிடையாது. "தண்ணிக்குள்ள மூச்சை அடக்காதீங்க. அடக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிடும்" என்று எல்லோரிடமும் கத்துவார்.

என் மச்சினர் ஸ்ரீரங்கத்துக்காரர். அம்மா மண்டபம் படித்துறையில், காவிரியில் மூச்சை அடக்கி முங்கியே வளர்ந்தவர். முதுகில் காற்று சிலிண்டரோடு குளத்தின் அடிவரை போனவர், அதே பழக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே கிளம்பினார். பயிற்சியாளர் அவர் தோளைப் பிடித்து அமுக்கி, மூச்சு விட்டுக் குமிழி வந்த பிறகுதான் விட்டார்.

கரையேறிய மச்சினர் மேனேஜரைக் கூப்பிட்டுத் தாம்தூம் என்று குதித்தார். "என்னைத் தண்ணியில போட்டு அமுக்குறான்யா!"

"சாரி சொல்லுங்க. இல்லேன்னா நாளைலேர்ந்து வராதீங்க" என்றார் மேனேஜர் பயிற்சியாளரிடம்.

அவர் மச்சினரின் நெஞ்சைப் பார்த்தார். "மூச்சு விட்டா வலிக்குதா சார்?"

"இல்ல. அதுக்கென்ன இப்போ?"

"வலிச்சிருந்தா சாரி சொல்லியிருப்பேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பிழைப்பு போகிறதே என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஹோட்டல்காரர்கள் மச்சினரை இலவசமாகக் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஆள் வாய் நிறையச் சிரித்தார், வீடியோ எடுத்தார். சிலிண்டரோடு அடிவரை போன மச்சினர் மூச்சை அடக்கி, ஒரு குமிழிகூட விடாமல் மேலே வந்தார்.

"சூப்பர் சார்!" என்று கைதட்டினார் அந்த ஆள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சினரின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டு நின்றேன்.