புளி போட்டுத் துலக்கிய விளக்கு

பதுளைக் கடைவீதியில் அஸ்திவாரம் தோண்டும்போது என் மண்வெட்டியில் பழைய வெண்கல விளக்கு ஒன்று தட்டுப்பட்டது. மறுநாள் கார்த்திகைத் தீபம். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் ஏற்றலாம் என்று, புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று துலக்கிவிட்டேன்.

பழம்பொருள் தேடும் வெள்ளைக்காரத் துரை வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார்.

“களிம்போட இருந்தாத்தான் அதோட காலம் தெரியுமாம். எல்லாத்தையும் கெடுத்துட்டியே, புள்ள!” என்றார் எங்களை வேலை வாங்கும் கங்காணி.

“நல்ல நாளுக்கு அழுக்கு விளக்கையா ஏத்துவாங்க? கெட்டுப்போச்சுன்னா எங்களுக்கே குடுக்கச் சொல்லுங்க, கங்காணி ஐயா. நாளைக்கு ஏத்திக்கிறோம்” என்றேன்.

கங்காணி தயங்கித் தயங்கிச் சொன்னார். துரை காதில் வாங்காமல் விளக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அது இப்போது கொழும்பில் கண்ணாடிக்குள் இருக்கிறதாம். கார்த்திகைதோறும் எனக்கு ஆற்றாமைதான். நான் துலக்கிய விளக்கில் ஒரு பொழுதாவது திரி எரிந்திருக்கலாம்.