கம்பியில் குத்திய ஏப்ரல் தாள்

மளிகைக் கடைகளில் சீட்டுக் குத்தி வைப்பார்களே, அடியில் மரக்கட்டையும் மேலே கூர்முனையுமாக, அப்படி ஒரு கம்பி என் மேசையில் நிற்கிறது. அதில் குத்தியிருப்பவை மளிகைச் சீட்டுகள் அல்ல. பழைய தினக்காலண்டர் தாள்கள், ஏறக்குறைய நாற்பது இருக்கும். ஓரமெல்லாம் பழுத்து, துளையைச் சுற்றித் துருக்கறை படிந்திருக்கிறது. போன மாதம் புத்தூரிலிருந்து கேமராமேன் அண்ணனின் மனைவி இதை ஒரு துணிப்பையில் போட்டு அனுப்பி வைத்தார். அண்ணன் இறந்து ஆறு மாதமாகிறது. பீரோவை ஒழித்தபோது கிடைத்ததாம். பைக்குள் இன்னொன்றும் இருந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய வீடியோ கேசட். அதன் மேல் ஒட்டிய காகிதத்தில் அண்ணனின் சாய்ந்த எழுத்தில் ‘நகரி’ என்றும் கீழே மாதமும் வருஷமும் எழுதியிருந்தது. "இது ரெண்டும் உன்னுதுன்னு சொல்லிக்கினே இருந்தாரும்மா" என்றார் அண்ணி போனில். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. சேதி வாசித்துப் பிழைத்தவளுக்கு இப்படியும் ஒரு சேதி வரும் போலிருக்கிறது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் திருப்பதியில் ஒரு சின்ன கேபிள் சேனலில் தமிழ்ச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தேன். சேனல் தெலுங்குதான். நகரி, சித்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ் வீடுகளுக்காக மாலையில் பத்தே பத்து நிமிஷம் தமிழ். பாத்திரக்கடை மாடியில் அலுவலகம். தினமும் நகரியிலிருந்து பஸ் பிடித்து வருவேன். மொத்தமே ஐந்து பேர். அவர்களில் கேமராமேன் அண்ணன்தான் வாய் ஓயாதவர், நாராயணவனத்துக்காரர். மூக்கின் மேல் கோபம். ஆனால் கேமராவைத் தோளில் வைத்துவிட்டால் வாயைத் தைத்துவிட்ட மாதிரி ஆகிவிடுவார்.

அந்தக் கம்பி அவருடைய ஏற்பாடு. சுவரில் ஒரு துணிக்கடை காலண்டர் தொங்கும். அரசியலிலோ கலையிலோ கோயில் விழாவிலோ மனசில் தைக்கிற மாதிரி ஏதாவது நடந்தால், மறுநாள் அந்தத் தேதித் தாளைக் கிழித்து, பின்பக்கம் ‘நல்லது’ என்றோ ‘கெட்டது’ என்றோ போட்டு, இரண்டு வரி எழுதிக் கம்பியில் குத்திவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். குத்திய தாளைத் திரும்ப எடுக்கக் கூடாது, புரட்டிப் பார்க்கவும் கூடாது. டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் கேமரா முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவி வாசிப்பேன். மேலே இருப்பது டிசம்பர், அடியில் ஜனவரி. வருஷம் பின்னோக்கி நடக்கும். எடிட் செய்ய ஆளில்லாததால் ஒரே மூச்சில் எடுப்போம். என்ன எழுதியிருக்கும் என்று எனக்கே தெரியாது என்பதுதான் அதில் சுவாரஸ்யம்.

என்னவெல்லாம் எழுதுவார்கள்! ‘கெட்டது: அமைச்சரை வரவேற்கப் பள்ளிப் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள். அமைச்சர் வேறு வழியாகப் போய்விட்டார்.’ ‘நல்லது: சித்தூரில் அடிதடிக்குப் போன இரண்டு கட்சியும் ஒரே பந்தலைக் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று பங்கு போட்டுக்கொண்டன.’ ‘கெட்டது: நாராயணவனம் உற்சவத்தில் நாகஸ்வரக்காரர் வாசிக்க வாசிக்க, பக்கத்தில் மைக்செட்டில் சினிமாப் பாட்டு.’ ‘நல்லது: ஏர்பேட்டில் நாடகம் நடக்கும்போது கரண்ட் போனது. ராஜா வேஷம் போட்டவர் மைக் இல்லாமலே கத்திப் பாடி முடித்தார். ஒருத்தரும் எழுந்து போகவில்லை.’ இதற்காகவே ஜனங்கள் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தார்கள். பஸ்ஸில் என்னை அடையாளம் கண்டு, "இந்த வருசம் நம்ம கவுன்சிலரு கெட்டதுல வந்துடுவாரா?" என்று கேட்டவர்கள் உண்டு. எனக்குத் தலைகால் புரியாது. நகரியில் தறி ஓட்டும் வீட்டுப் பெண், டிவியில் வருகிறாள் என்றால் சும்மாவா?

அந்த வருஷம் ஏப்ரலில் நகரியில் ஒரு கட்சித் தலைவரின் பெரிய கூட்டம். படமெடுக்கப் போன அண்ணனின் வண்டி புத்தூர் தாண்டிப் பஞ்சர். அவர் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். வெறுங்கையோடு மாடிப்படி ஏறி வந்தார். செய்திக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "போன வருஷம் இதே ஏப்ரல்ல அங்க எடுத்த டேப் இருக்குதே, அதைப் போட்டுடலாம்ணா. அதே கட்சி, அதே பஸ் ஸ்டாண்டு, அதே கொடி. கூட்டத்தை யாரு உத்துப் பாக்கப் போறாங்க?" என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "வேணாம்மா, ‘பழைய படம்’னு எழுதியாவது போடலாம்" என்றார். "அப்படிப் போட்டா நம்ம சேனல் பேரு இன்னா ஆகும்?" என்று நான்தான் அடக்கினேன். அவர் டேப்பை எடுத்துக் கொடுத்தார். மாலையில் நான் பளபளவென்று உட்கார்ந்து, "இன்று காலை நகரியில் திரண்ட மக்கள் வெள்ளம்" என்று வாசித்தேன்.

மறுநாள் காலை ஒரு பெண் படியேறி வந்தார். நாற்பது வயது இருக்கும். புடவையில் பஞ்சுத்தூசி ஒட்டியிருந்தது. நகரியில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி விசைத்தறி ஓட்டுகிறவர், முகம் எனக்குத் தெரியும். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை கேட்டுவிட்டு வருகிறேன் என்று போன அவருடைய கணவர் எட்டு மாதமாகத் திரும்பவில்லை. அதுவும் ஊருக்கே தெரிந்த கதை. "நேத்து நியூஸ்ல வந்தாரும்மா. கூட்டத்துல முன்னாடி, கொடி புட்சிக்கினு நிக்கறாரு. ராத்திரியெல்லாம் ஊரு பூரா தேடிட்டேன். இன்னொரு தபா போட்டுக் காட்டுங்க" என்றார். போட்டோம். கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு கொடியை ஆட்டினார். அந்த அம்மா டிவி கண்ணாடி மேல் விரலை வைத்து, "இவருதான். கீறாரு. நல்லாதான் கீறாரு" என்று அழுதார்.

அது அவர் கணவர் காணாமல் போவதற்கு நான்கு மாதம் முந்தைய படம். நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் என்னைப் பார்த்தபடி நின்றார். நான் சொல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தேன். "மறுபடி எங்கயாவது தெரிஞ்சா சொல்றோம்மா" என்று வேறு சொன்னேன். "நீ சொல்ட்டா போதும் பாப்பா, நீ நம்ம ஊருப் பொண்ணாச்சே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் அவர்.

அதற்குப் பிறகு திங்கள்கிழமை தோறும் அலுவலகத்துக்கு அவரிடமிருந்து போன் வரும். எடுப்பது நானாகவே இருக்கும். "இந்த வாரம் எங்கனா தெரிஞ்சாரா பாப்பா?" "இல்லீங்கம்மா." அவ்வளவுதான் பேச்சு. ஒவ்வொரு வாரமும் இதோ இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொன்னால் அது பொய். நகரித் தெருவில் நடக்கும்போது எதிரில் வருகிறவர்கள் நின்று சிரிப்பார்களே, அது போய்விடுமே என்று பயந்தேன். எழுதும்போதே வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

அண்ணனோ வேறு ஆளாக மாறிவிட்டார். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் மேடையை விட்டுவிட்டு ஜனங்களையே எடுத்தார். வரிசை வரிசையாக, ஒவ்வொரு முகமாக. முதலாளி டேப்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். "லீடர் எக்கடய்யா, எங்கய்யா? ஜனம் மூஞ்சிய வச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்துவார். அண்ணன் அடுத்த கூட்டத்திலும் அதையே எடுப்பார். அந்த மனிதர் எங்காவது ஒரு கூட்டத்தில் உண்மையாகவே நிற்க மாட்டாரா என்று தேடுகிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

டிசம்பர் கடைசி ஞாயிறு வந்தது. புதுப் புடவை கட்டிக்கொண்டு கம்பியை முன்னால் வைத்து உட்கார்ந்தேன். டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று தாள்கள் சிரிக்கவும் திட்டவும் வைத்தபடி போயின. மே மாதமும் முடிந்தது. அடுத்த தாளை உருவினேன். அண்ணனின் சாய்ந்த எழுத்து. ‘கெட்டது: நகரிக் கூட்டம் என்று நேற்று நாம் காட்டியது போன வருஷத்துக் கூட்டம். அதை நம்பி ஒரு அம்மா புருஷனைத் தேடி அலைகிறார். தப்பு நம்முடையது.’ அந்த அம்மா வந்து அழுத அன்றைக்கே எழுதிக் குத்தியிருக்கிறார். எட்டு மாதமாக மற்ற தாள்களுக்கு அடியில் அது இருந்திருக்கிறது. நானே எத்தனை தாளை அதன் மேல் குத்தியிருப்பேன்!

ஓர் இமைப்பொழுதுதான். அந்தத் தாளை வாசிக்காமல் கவிழ்த்து, படித்து முடித்தவற்றோடு வைத்துவிட்டு, அடுத்ததை உருவி, "மார்ச் மாதத்தில் ஒரு நல்ல செய்தி" என்று சிரித்தேன். அண்ணன் படமெடுக்கும்போது ஒரு கண்ணை மூடியிருப்பார். மூடியிருந்த அந்தக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நிறுத்து என்று சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை. ஜனவரி வரைக்கும் வாசித்து, வணக்கம் சொல்லி முடித்தேன்.

மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டு நகரிக்குப் போய் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார். அந்த அம்மா கொட்டிய வசவையெல்லாம் அண்ணன் வாங்கிக்கொண்டாராம். என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார். "சேதி சொன்னது அந்தப் பொண்ணாச்சே, அது வரலியான்னு கேட்டாங்கம்மா." "நான் போய்ப் பாக்கறேண்ணா" என்றேன். போகவில்லை. இரண்டு மாதத்தில், லீடரை எடுக்கத் தெரியாத கேமராமேன் வேண்டாம் என்று முதலாளி அவரை அனுப்பிவிட்டார். அவர் புத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கப் போனார். போகும்போது கம்பியையும் தாள்களையும் கொண்டுபோனது எனக்குத் தெரியும். அந்த நகரி டேப்பையும் எடுத்துப் போனது தெரியாது. மற்ற டேப்புகளை அழித்து அழித்து மறுபடி பயன்படுத்தினோம். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சேனல் வேலையும் நகரி வீடும் விட்டுப்போய், இப்போது பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். இந்த வருஷம் ஒரு வார இதழில் ஆண்டின் அரசியலிலும் கலையிலும் நல்லது ஐந்து, கெட்டது ஐந்து எழுதித் தரச் சொன்னார்கள். நல்லதில் எல்லையோரச் சாந்திபுரத்தில் பார்த்த கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்த ஒரு பஜனைக் கோஷ்டி கூட வந்தது. கெட்டதில் முதலாவதாக ஆவேசமாக எழுதினேன்: ‘எப்போதோ எங்கோ நடந்ததன் வீடியோவை இன்று நடந்ததாக போனில் பரப்பி ஜனங்களை அலைக்கழிப்பது. மனசாட்சி இல்லாத வேலை.’ அடியம்மா, என்ன கோபம் எனக்கு! எழுதிவிட்டு நிமிர்ந்தால் எதிரில் கம்பி. அண்ணன் அந்தத் தாளை மறுபடி மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் நடுவில், அதன் இடத்திலேயே குத்தி வைத்திருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அதை உருவி எடுத்துக்கொண்டு நகரிக்குப் போனேன். தெருவில் நுழைந்ததுமே தறிச் சத்தம். அந்த அம்மாவுக்குத் தலை பாதிக்குமேல் நரைத்துவிட்டது. சுவரில் அவர் கணவரின் கல்யாணப் போட்டோ, மாலை போடாமல். என்னைப் பார்த்தவர் தறியை நிறுத்தவில்லை. "நியூஸ் பொண்ணு தானே?" என்றார். நான் தாளை விரித்து, "கெட்டது: நகரிக் கூட்டம் என்று நேற்று நாம் காட்டியது" என்று ஆரம்பித்தேன். என் தொண்டை தானாகவே அந்தப் பழைய செய்திக் குரலை எடுத்துக்கொண்டது. அவர் எழுந்து சுவிட்சை அணைத்தார். தறி நின்றது.

"நியூஸ் மாரி படிக்காத பாப்பா. உன் வாயால சும்மா சொல்லு."

சொன்னேன். பழைய டேப்பைப் போடலாம் என்றது நான்தான், தெரிந்தே தண்ணீர் கொடுத்து அனுப்பினேன், வாரா வாரம் போனில் பொய் சொன்னேன், அந்த ஞாயிற்றுக்கிழமை இந்தத் தாளைக் கவிழ்த்தேன் என்று எல்லாவற்றையும் அழுதுகொண்டே உளறிக் கொட்டினேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சுவரிலிருந்த போட்டோவைப் பார்த்தபடி, "அந்தப் படம் இன்னும் கீதா?" என்றார். "எங்கிட்ட கீறது இந்த ஒரு போட்டோதான். இதுல சிரிக்கவே மாட்டாரு. அதுல சிரிச்சாரு இல்ல? எந்த வருசத்துதா இருந்தா இன்னா, இன்னொரு தபா பாக்கணும்."

அப்போதுதான் அண்ணன் அந்த டேப்பை அழிக்காமல் பன்னிரண்டு வருஷம் எதற்காக வைத்திருந்தார் என்பதும், அதை ஏன் என்னுடையது என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்பதும் எனக்கு உறைத்தது.

திருப்பதியில் ஒரு ஸ்டுடியோவில் கேசட்டைக் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் பூஞ்சை பிடித்திருக்கிறது, ஆனாலும் ஓடுகிறது, போனில் ஏற்றித் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வார இதழுக்குப் பட்டியல் போய்விட்டது. அனுப்புமுன் கெட்டதில் முதல் வரியை அடித்துவிட்டு, ஏப்ரல் தாளில் இருந்ததை எழுதி, ‘தப்பு நம்முடையது’ என்பதை மட்டும் ‘தப்பு என்னுடையது’ என்று மாற்றினேன். அந்தத் தாள் மறுபடி கம்பியில் இருக்கிறது. வருகிற ஞாயிறு நகரிக்குப் போகிறேன். படத்தைப் போடுவதற்கு முன்னால், இது எந்த வருஷத்துப் படம் என்று முதலில் என் வாயால் சொல்லிவிட்டுத்தான் போடுவேன்.