என்னிடம் கேட்காத மாகாணம்

எங்கள் ஊர்ப்பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவார். சாய்ந்தமருதில் கடற்கரைக்குக் கிட்ட வாப்பா கட்டித் தந்த வீட்டுக்கு என் கணவரும் அப்படித்தான் வந்தார். சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் "அடிக்கட்டா புள்ள?" என்று கேட்டுவிட்டுத்தான் அடிப்பார். மரியாதையான மனிதர் என்று ஊர் மெச்சியது. நானும் அது அவருடைய குணம் என்றே நம்பியிருந்தேன்.

சுனாமி அந்த வீட்டைக் கொண்டுபோனது. நான் நேர்ஸ், அன்று காலை ஆசுபத்திரியில் வேலைக்கு நின்றேன். அவரும் மகளும் நிந்தவூரில் அவருடைய மூத்த சகோதரி ராத்தாவின் வீட்டில் நின்றார்கள். அதனால் மூன்று பேரும் தப்பினோம். மிஞ்சிய அத்திவாரத்தின் மேல் திரும்பக் கட்டவும் விடவில்லை, கடலுக்குக் கிட்ட என்றார்கள். தருவதாகச் சொன்ன வீட்டுத் திட்டம் பேச்சோடு நின்றது. ராத்தா வீட்டின் பின்அறையில் வருடக்கணக்காகக் கிடந்தோம்.

அங்கே போனதும் அவருடைய குரல் மாறியது. முன்பு தண்ணீர் கேட்கவே தயங்கிய மனிதர், இப்போது இருந்த இடத்திலிருந்து கூப்பிடத் தொடங்கினார்.

கனடாவுக்கு விண்ணப்பித்தபோது அதில் முதல் ஆள் நான். என் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும்தான் அங்கே மதிப்பு. எந்த மாகாணம் என்பதை முடிவெடுத்தது மட்டும் அவரும் அவருடைய அண்ணன் காக்காவும். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு காக்கா வந்து உட்காருவார். இருவரும் ஐஸ்பெட்டிக்கு வெளியே ஐஸைக் கண்டதில்லை.

"ஒன்ராறியோதான் தம்பி. நம்மட ஆக்கள் இரிக்கிற இடம். பள்ளிவாசல் இரிக்கி, ஹலால் இறைச்சி இரிக்கி."

"அல்பேர்ட்டாவில எண்ணெய்க் கம்பனி வேல இரிக்காமே காக்கா?"

"அங்க போய் விறைச்சிச் சாகவா?"

என்னோடு வேலை செய்த ஒருத்தி முன்னமே சஸ்காச்சுவானுக்குப் போயிருந்தாள். அவள் போனில் விபரமாகச் சொன்னாள். நேர்ஸாக வேலை செய்ய ஒவ்வொரு மாகாணத்துக்கும் வேறு வேறு அனுமதி வேண்டும். அவள் இருக்கும் சின்ன ஊரில் நேர்ஸ்மார் போதாது. முதலில் உதவியாளாக எடுத்து, படிக்க விட்டு, சோதனை பாஸானதும் நேர்ஸாகப் போடுகிறார்கள். "இஞ்ச வா, நான் நிக்கிறன்" என்றாள். தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு இதை அவர்களிடம் சொன்னேன்.

"நேர்ஸ் வேல எங்கயும் இரிக்கிதானே" என்றார் என் கணவர், நிமிர்ந்து பார்க்காமலே.

"ஒரு பொம்புளட வேலைக்காகக் குடும்பத்தையே காட்டுக்குள்ள கொண்டுபோறதா?" என்றார் காக்கா.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ஒங்கட வேலைக்கா மச்சான் அவங்க விசா தாறாங்க?" என்று காக்காவிடம் கேட்டுவிட்டேன்.

என் கணவர் கோப்பையை வைத்தார். "ராத்தாட வீட்டில இரிந்துகொண்டு இப்பிடிக் கதைக்காத."

என் வீட்டில் இந்தப் பேச்சு வந்திருக்குமா? சுவர்களோடு என் வாயையும் கடல் கொண்டுபோயிருந்தது. அதன் பிறகு நான் மாகாணத்தைப் பற்றிப் பேசவில்லை.

யுத்தம் முடிந்ததென்று சந்தியில் பாற்சோறு கொடுத்த நாட்களில் எங்கள் விசா வந்தது. ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவில் நிலக்கீழ் அறை ஒன்றில் குடியேறினோம். பள்ளிவாசல் இருந்தது, ஹலால் இறைச்சி இருந்தது. நேர்ஸ் அனுமதி வரவில்லை. ஊரிலிருந்து கடிதம் எடு, வகுப்புக்குப் போ என்றார்கள். வீட்டு வாடகைக்கு நான் பிஸ்கட் பக்டரியில் நின்றேன். கடைசியில், நோயாளரைப் பார்த்து வருடங்கள் கூடிப்போயிற்று, ஆரம்பத்திலிருந்து படிக்கவேண்டும் என்று எழுதினார்கள். இப்போது முதியோர் இல்லமொன்றில் படுக்கை மாற்றுகிறேன். ஊசி போடத் தெரிந்த கை, ஊசியைத் தொட அனுமதியில்லை.

ஒரு பெருநாளுக்குக் கல்முனையிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் சாப்பாட்டுக்கு இருந்தார். நான் ஏன் நேர்ஸாக இல்லை என்று கேட்டார்.

என் கணவர் பெருமூச்சு விட்டார். "நான் அப்பவே சொன்னன், சஸ்காச்சுவானுக்குப் போவம், நேர்ஸ் வேல கிடைக்குமெண்டு. இவதான் நம்மட ஆக்கள விட்டுட்டு வரமாட்டன் எண்டா. செரி, மனிசிட விருப்பம்தானே எண்டு இஞ்ச வந்தம்."

கறிச்சட்டியை மேசையில் வைத்தேன். பொய் சொல்கிற முகமா என்று அவரை உற்றுப் பார்த்தேன். இல்லை. மனிதர் அதை உண்மையென்றே நம்பியிருந்தார்.