பிரிட்டி சாலி மேட்டில் ஒரு டர்போ

என்னுடைய நல்ல சட்டை ஒன்று இரண்டு வாரமாகக் கொடியில் கிடக்கிறது. எத்தனை தடவை துவைத்தாலும் புகை நாற்றம் போகவில்லை. "யாகத்துக்குப் போய்ட்டு வந்தீங்களா?" என்கிறாள் மனைவி.

யாகமெல்லாம் இல்லை. சேவியரின் புது வண்டியில் ஒரு நாள் போனேன். அவ்வளவுதான்.

சேவியர் மல்கிரேவில் எங்களுக்கு அடுத்த தெரு. மன்னார்க்காரர். லாண்ட்ஸ்கேப்பிங் தொழில். தோட்டத்துக்கு மதில் கட்டுவார், பள்ளம் தோண்டுவார், மண் நிரவுவார். சொந்தமாக, மண் தோண்டுகிற ஒரு சின்ன எக்ஸ்கவேட்டர் வைத்திருக்கிறார். அதை டிரெய்லரில் ஏற்றி, பின்பக்கம் திறந்த தட்டுள்ள பழைய டீசல் யூட்டின் பின்னால் கட்டிக்கொண்டு மெல்பர்ன் முழுக்க அலைவார். காலையில் அந்த யூட்டைக் கிளப்பினால் தெருவே விழித்துக்கொள்ளும். அது கிழடாகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கப்போகிறேன் என்றார். சரி, இன்னொரு டீசல் வரும் என்று நினைத்தேன்.

வந்தது ஒரு கறுப்பு மலை.

அமெரிக்காவிலிருந்து வந்த பிக்கப் டிரக். ஸ்டியரிங்கை வலது பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஏற ஒரு படி, அந்தப் படியில் ஏற இன்னொரு படி. உள்ளே பிரம்மாண்டமான பெட்ரோல் எஞ்சின். அது போதாதென்று யாரோ ஒரு மெக்கானிக் அதில் டர்போ வேறு பொருத்தியிருந்தார். வெளியே போகிற புகையின் வேகத்தைக் கொண்டே எஞ்சினுக்குள் காற்றைத் திணித்துப் பலத்தைக் கூட்டுகிற சமாச்சாரம்.

"டீசல் எண்டால் ஒரே சத்தம் அண்ணை. இது பாருங்கோ, பூனை மாதிரி. ஆனா இழுவை சிங்கம்!" என்றார் சேவியர்.

பூனையா, சிங்கமா? இரண்டும் ஒரே வண்டியில் எப்படி இருக்கும்?

நான் கம்ப்யூட்டர் ஆள். எஞ்சின் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். சந்தேகப்பட அந்தக் கொஞ்சமே தாராளம். சேவியரிடமே கேட்டேன். இவ்வளவு பலசாலியான வண்டியை முதல் சொந்தக்காரர் ஏன் விற்றார்? உழைக்கிற வண்டி என்கிறார்கள்... பின்தட்டில் ஒரு கீறல்கூட இல்லையே, ஏன்? பாரம் இழுக்கிற பெரிய லாரிகள் எல்லாம் டீசலில் ஓடுகின்றனவே — அந்த முதலாளிகளுக்கெல்லாம் பூனைச் சத்தம் பிடிக்காதா?

சேவியரின் மனைவி ஜெசிந்தாவுக்கும் சந்தேகம் இருந்தது. வேறு மாதிரி.

"எனக்கு எஞ்சின் விளங்காது அண்ணை. ஆனா இவற்ற முகம் விளங்கும். இது வேலைக்கு வாங்கின வாகனம் இல்லை."

சேவியருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சனிக்கிழமை கில்மோரில ஒரு வேலை கிடக்கு. மெஷினையும் கட்டிக்கொண்டு போறன். நீங்களும் வந்து இருந்து பாருங்கோ, பிறகு கதையுங்கோ."

"வர்றேன்" என்றேன். வாய் சும்மா இருக்காது.

சனிக்கிழமை காலையிலேயே வடக்குக் காற்று. அடுப்பைத் திறந்துவைத்த மாதிரி. எங்கும் நெருப்பு மூட்டக் கூடாது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றவே கிழமை குறித்துக் கொடுத்திருக்கிற கோடை இது. ஊருக்கு வெளியே புல்லெல்லாம் வைக்கோல் நிறம்.

ஃப்ரீவேயில் வண்டி பிரமாதமாகத்தான் போனது. பொய் சொல்லக் கூடாது. பின்னால் எக்ஸ்கவேட்டர் வருவதே தெரியவில்லை. நான் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டேன். சேவியர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

பெட்ரோல் முள் மட்டும் சிரிக்கவில்லை. அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே வந்தது. கிரெய்கிபர்னில் நிறுத்தி டேங்க்கை நிரப்பினார். சாதாரணப் பெட்ரோல் ஆகாதாம், உயர்ரகம்தான் வேண்டுமாம்.

"குடிக்கட்டும் அண்ணை. வேலை செய்யிறவன் சாப்பிடத்தானே வேணும்?"

வாலன் தாண்டியதும் ஒரு நீண்ட ஏற்றம். பிரிட்டி சாலி என்று பெயர். பெயர்தான் அழகு. பாரம் இழுக்கிற வண்டிகளுக்கு அது ஒரு பரீட்சை. பாதி மேடு ஏறியதும் பூனைச் சத்தம் மாறியது. ஒரு சீறல். சூட்டைக் காட்டுகிற முள் மெதுவாக மேலே ஏறத் தொடங்கியது.

சேவியர் ஏசியை அணைத்தார். பிறகு ஹீட்டரைப் போட்டார்.

"ஹீட்டரா? இந்த வெயில்லயா?"

"எஞ்சின்ர சூடு கொஞ்சம் உள்ளுக்க வரட்டும் அண்ணை. அதுக்கு ஆறுதல்."

அதற்கு ஆறுதல். எனக்கு? முகத்தில் அனல் அடித்தது. முள் சிவப்பைத் தொட்டது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. சேவியர் சட்டென்று இடது பக்கம் ஒதுக்கி நிறுத்தினார். தாருக்கு வெளியே, முழங்கால் உயரக் காய்ந்த புல்லில்.

நான் இறங்கினேன். அவரும் இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏன் ஆஃப் பண்ணலை?"

"டர்போவை உடன ஓஃப் பண்ணக்கூடாதெண்டு வித்தவன் சொன்னவன். கொஞ்சம் ஓடி ஆறோணும்."

அது ஆறிக்கொண்டிருந்தது. அடியில் புல் சூடேறிக்கொண்டிருந்தது. மேடு முழுக்கத் திணறி ஏறிய பெட்ரோல் எஞ்சினின் புகைக்குழாய் எவ்வளவு கொதிக்கும் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. முதலில் ஒரு வாசனை. பிறகு படிக்குக் கீழிருந்து ஒரு மெல்லிய புகை. நான் குனிந்து பார்த்தேன்.

தீ.

"சேவியர்!" என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் அது ஒரு பாய் அகலத்துக்கு வந்துவிட்டது. காற்று அதை வேலிப் பக்கம் தள்ளியது. வேலிக்கு அப்பால் செம்மறி ஆடுகள். அதற்கும் அப்பால் ஒரு வீடு, கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

நான் பின்னால் ஓடினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஞாபகம் வந்தது சற்று முன் நிரப்பிய டேங்க்தான். சேவியருக்கும் வந்திருக்கும். ஆனால் அவர் முன்னால் ஓடினார். அந்த இரண்டு படியையும் ஒரே தாவலில் ஏறி, கியரைப் போட்டு, டிரெய்லரோடு வண்டியை இழுத்துத் தாருக்குக் கொண்டுபோனார். வண்டியின் வயிற்றில் எரிந்த புல் தொங்கிக்கொண்டே போனது. எக்ஸ்கவேட்டரில் இருந்த தீயணைப்பானை எடுத்து அடியில் பீய்ச்சினார். பிறகு குடிதண்ணீர்க் கேனோடு புல்லுக்கு ஓடிவந்தார். நான் அதற்குள் வண்டியிலிருந்து ரப்பர் விரிப்பை உருவி வந்து தீயை அடித்துக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் அடித்தால் இன்னோர் இடத்தில் எழுந்தது.

எங்களால் முடிந்திருக்காது. அந்த வீட்டுக்காரர் புகையைப் பார்த்துவிட்டார். தண்ணீர்த் தொட்டி ஏற்றிய ஒரு யூட்டில், ஆடுகளை விலக்கிக்கொண்டு வந்து குழாயைத் திறந்தார். இரண்டு வேலிக் கம்பங்கள் கருகியதோடு நின்றது.

அவர் நன்றியை எதிர்பார்க்கவில்லை. திட்டினார். இந்த மாதிரி ஒரு நாளில் புல்லில் வண்டியை நிறுத்துகிறவனுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டார். தன் மனைவி உள்ளே படுத்திருக்கிறாள், அவளால் எழுந்து நடக்க முடியாது என்றார்.

சேவியர் தலை குனிந்து நின்றார். "சொரி" என்றார். அடுத்த நாள் மாதா கோயில் பூசை முடிந்ததும் புதுக் கம்பங்களோடு போய் நட்டுவிட்டு வந்தார். பழைய டீசலில்.

சனிக்கிழமை வீடு திரும்பியதும் ஜெசிந்தா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சேவியரின் கையில் கருகியிருந்த ரோமத்தைத் தடவிப் பார்த்தார்.

"எரியிற வாகனத்துக்குள்ள ஏறினீங்களோ?"

"ஓம். அது அங்க நிண்டிருந்தா..."

மேசையில் கிடந்த டிரக் சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார் ஜெசிந்தா.

குற்றம் டர்போ மீதா? நியாயமாகப் பேச வேண்டும். டீசல் வண்டியை அங்கே நிறுத்தியிருந்தாலும் புல் பற்றியிருக்கலாம். ஆனால் அந்தக் கிழட்டு டீசல் எத்தனையோ கோடையில் அதே மேட்டில் நத்தை மாதிரி ஏறியிருக்கிறது. ஒரு நாளும் நின்றதில்லை. வண்டி வாங்கும்போது நாம் எல்லோரும் என்ன கேட்கிறோம்? எவ்வளவு வேகம், எவ்வளவு இழுக்கும்... தினம் தினம் இழுக்குமா என்று யார் கேட்கிறோம்? ஷோரூம் வாசலில் மேடும் இல்லை, வடக்குக் காற்றும் இல்லை.

இந்த வாரம் அந்தக் கறுப்பு மலை விலைபோய்விட்டது. வாங்கியவர் ஒரு பல் டாக்டர். சேவியர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லித்தான் கொடுத்தார். டாக்டர் கவலைப்படவே இல்லையாம்.

அவர் இழுப்பதெல்லாம் பல் மட்டும்தானே!