துண்டு போட்டு விற்ற சோப்பும் வரதன் சாரும்

கருவாடு, மண்ணெண்ணெய், வெல்லம்... இந்த மூன்று வாசனையையும் தள்ளிக்கொண்டு நாலாவதாக ஒன்று மூக்கில் ஏறும். சவுக்காரம். துணி துவைக்கிற சோப்பை அப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

கும்மிடிப்பூண்டி ரயிலடிப் பக்கம் இருந்த மளிகைக் கடை அது. பழவேற்காட்டு பாய் ஒருவர் நடத்திவந்தார். இன்றைக்கு அந்த ஊரில் இரும்பு ஆலையும் கெமிக்கல் கம்பெனியுமாக லாரி சத்தம் ஓயாது. நான் சொல்வது ஐம்பதுகளில்... சுற்றிலும் வயல், ஏரி, அவ்வளவுதான்.

நான் சென்னையில் ஒரு சின்ன விளம்பர ஏஜென்சியில் இருந்தேன். முதலாளி வரதன் சார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டது ஒரே ஒரு கிளையண்ட்... திருவள்ளூர் பக்கத்து சோப்பு கம்பெனி. 'வெண்முகில்' என்று பார் சோப்பு போட்டார்கள்.

கம்பெனி முதலாளிக்கு ஒரு குறை. சுவர் சுவராகப் பெயர் எழுதியாயிற்று. டூரிங் டாக்கீஸில் ஸ்லைடு போட்டாயிற்று. சோப்பும் விற்கிறது. ஆனால் வேறொருத்தன் விலையைக் கொஞ்சம் குறைத்தால் கடைக்காரர்கள் அதை வாங்கி வைத்துவிடுகிறார்கள், ஜனங்களும் பேசாமல் அதையே வாங்கிப் போகிறார்கள்.

"பேரைச் சொல்லி ஒருத்தரும் கேக்க மாட்டன்றாங்க. அப்பறம் இன்னாத்துக்கு உங்களுக்கு டப்பு குடுக்கறேன்?" என்று அவர் சத்தம் போட்டார். பம்பாய் ஏஜென்சி ஒன்று அவரைச் சுற்றிக்கொண்டிருந்தது எங்களுக்கும் தெரியும். அவர் போனால் எங்கள் ஆபீஸுக்குப் பூட்டுதான்.

வரதன் சார் ஒரு யோசனை சொன்னார். அதுவரை சோப்பின் நடுவில் சின்னதாகப் பெயர் குத்தியிருக்கும். அதை எடுத்துவிட்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பெரிய எழுத்தில் குத்தலாம், தூரத்திலிருந்தே தெரியட்டும் என்றார். சோப்பு முதலாளியும் செலவு பண்ணி அச்சை மாற்றினார். பார்க்க ஜோராகத்தான் இருந்தது... ஆனால் விற்பனையில் ஒரு மாற்றமும் இல்லை.

ஏன் என்று பார்த்து வர என்னை அனுப்பினார்கள். எனக்கு சும்மாவே எதையாவது கிளறுகிற புத்தி. பாய் கடையில் ஒரு காலைப்பொழுது பூராவும் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு அம்மா வந்தார். பாய் எங்கள் நீள சோப்பை எடுத்தார். கம்பியை வைத்து ஒரு இழுப்பு... ஒரு துண்டு. அந்த அம்மா கையில் போன துண்டில் அரை எழுத்து இருந்தது. அடுத்து வந்தவர் துண்டில் வெறும் ஒரு கோடு.

"இது என்ன சோப்பும்மா?" என்று கேட்டேன்.

"பாய் கடை சவுக்காரம்."

"அதுக்குப் பேரு?"

"அதான் சொல்றேனே... பாய் கடை சவுக்காரம். நல்லா நொரைக்கும்."

பாய் சிரித்தார். "முழு பாரு யாரு சார் இங்க வாங்கறாங்க? அறுத்துக் குடுத்தாதான் ஓடும்."

எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. பழைய அச்சில், நடுத் துண்டு வாங்கியவருக்காவது பெயர் முழுசாகப் போயிருக்கும். நாங்கள் அதைப் பெரிதாக்கி, அந்த ஒரு துண்டையும் கெடுத்திருந்தோம்.

பாயிடமே நாலைந்து துண்டு வாங்கிக்கொண்டு, ஆபீஸுக்கு வந்து வரதன் சாரிடம் சொன்னேன்.

"சார், சின்ன எழுத்துல வரிசையா பத்து தடவை குத்தினா போதும், துண்டுக்கு ஒரு பேரு வந்துடும். புது ஐடியான்னு சொல்லிக்கலாம். பழசைப் பத்தி எதுக்குப் பேசணும்?" என்றேன். பொய் சொல்லச் சொல்லவில்லையே. இன்றைக்கும் அது மோசமான யோசனை என்று எனக்குத் தோன்றவில்லை.

"அச்சுக்குக் காசு குடுத்தது அவரு. இன்னா நடந்துச்சுன்னு அவருக்குத் தெரிய வேணாமா?" என்றார்.

மறுநாள் சோப்பு முதலாளியின் மேஜையில் அந்தத் துண்டுகளைப் பரப்பி வைத்தார். "என் ஐடியாதான் சார் தப்பு" என்றார். வேறு ஒரு சமாதானமும் சொல்லவில்லை. முதலாளி ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பார்த்தார். "நீ சொல்றது கரெக்டு வரதா" என்றார். அச்சு மாறியது. கொஞ்ச நாளில் கும்மிடிப்பூண்டியிலேயே வெண்முகில் என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

பிறகு அந்த சோப்பு முதலாளி எங்களை விட்டுப் பம்பாய் ஏஜென்சிக்குப் போய்விட்டார்.

காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார். "தப்பு பண்ணிட்டேன்னு அவனே சொல்லிக்கினான்பா. இனிமே அவன் எது சொன்னாலும் எனக்கு சந்தேகமாவே இருக்குமே."

ஆபீஸ் மூடியது. வரதன் சார் மேல் எனக்கு நிஜமாகவே கோபம். நானும் அந்தப் பம்பாய் ஏஜென்சியிலேயே சேர்ந்தேன். வரதன் சார் திருவள்ளூரில் அச்சகம் வைத்து, காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் அடித்தார். ஒருநாள் ஸ்டேஷனில் பார்த்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி...

"சோப்பு எப்டி போவுது?"

"நல்லா போகுது சார். பேரைச் சொல்லித்தான் கேக்குறாங்க."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என் கோபம் அங்கேயே போய்விட்டது.

அப்புறம் எத்தனையோ ஏஜென்சி மாறினேன். கடைசியில் தலைமை நாற்காலியிலும் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பாய் கடைக் கம்பி சொன்ன விஷயத்தை இப்போது லேப்டாப்பில் கிராஃப் போட்டுக் காட்டுகிறார்கள், நல்லதுதான். லீடர்ஷிப்புக்கு வகுப்பே நடக்கிறது. ஆனால் விளம்பரம் படுத்துவிட்டால் மழை, சீசன், மார்க்கெட், அல்காரிதம் என்று ஆளுக்கொரு காரணம் தயாராக இருக்கிறது.

அந்த சோப்பு முதலாளியின் இடத்தில் நான் இருந்திருந்தால் வரதன் சாரை வைத்துக்கொண்டிருப்பேனா? இந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. வைத்துக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்...

ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க, நான் தலைவனாக இருந்த அத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என் மேஜைக்கு முன்னால் வந்து "என் ஐடியாதான் தப்பு" என்று சொல்லவில்லை.