சலாமாவுக்கு விட்ட படகு

ஹாஜரின் வீட்டில் கடல் கொடுக்காத சாமான் அபூர்வம். வாசல் கதவு ஏதோ பம்பாய்க் கப்பலின் பலகை. தேநீர் கொதிக்கும் கெட்டில், முழுகிப்போன எவனோ ஒரு மாலுமியுடையது. ஹோர்முஸ் தீவில் கரை ஒதுங்கும் பொருள்மீது யார் முதலில் முக்காட்டுத் துணியை வீசுகிறாரோ, அது அவருக்குச் சொந்தம். புருஷனைக் கடல் கொண்டுபோன வாரமே ஹாஜர் கரைக்கு வந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். மூலையில் உட்கார்ந்து அழ அவளுக்கு வசதியில்லை.

இந்த ஜலசந்தியால் கொழுத்த ராஜாக்களையும், சிவப்பு மண்ணில் கோட்டை கட்டிய போர்த்துகீசியரையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவாள். "ஒரு குடம் நல்ல தண்ணிக்கு எதிர்க்கரைகிட்ட கையேந்தின பயலுவ!"

சலாமாவிடம் மட்டும் அவள் வாலாட்டியதில்லை. ஜலசந்தியின் வாயில் நிற்கும் பாறைதான் சலாமா. பக்கத்துச் சின்னப் பாறைகள் அவள் பெண்கள். ஒரே மகன் தர்வீஷ் லாஞ்சில் புறப்படும்போதெல்லாம் ஹாஜர் முழ நீளத்தில் ஒரு படகு செய்து, சோற்றுப் பொட்டலமும் பேரீச்சையும் வைத்துக் கொடுப்பாள். பாறையைத் தாண்டும்போது அதைக் கடலில் விட வேண்டும். முழுகினால் சலாமா வாங்கிக்கொண்டாள். ஊர்க்கரைக்கே திரும்பி வந்தால், அவளுக்கு வேண்டியது சோறில்லை.

முல்லா இதற்காகத் திட்டுவார். "கடலுக்குப் போறது நீங்களா, என் புள்ளையா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிடுவாள்.

அது எண்ணெய்க் கப்பல்களைப் போர் எரித்துக்கொண்டிருந்த வருடம். கடலில் கண்ணிவெடி மிதப்பதாகப் பேச்சு. தர்வீஷ் திரும்ப வேண்டிய நாள் கடந்துவிட்டது. தெற்கே கரும்புகை தெரிந்தது.

காலையில் கரையோரப் பாசிக்குள் ஏதோ கிடப்பதைப் பார்த்தாள். பழக்கதோஷம், துணியை வீசிவிட்டாள். எடுத்துப் பார்த்தால் அவள் கையால் செய்த படகு. பொட்டலம் பிரியவே இல்லை. வீசிய துணி வீசியதுதான், இனி அது அவள் சொத்து.

ஊர் பார்த்தால் இன்றைக்கே ஒப்பாரி வைத்துவிடும். ஒப்பாரி வைத்த பிறகு அவன் உயிரோடிருந்தாலும் செத்தவன்தான். யார் கண்ணிலும் படுமுன் தீர்த்துவிட, அப்படியே மணலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தாள்.

மருமகள் முலூக் வந்து நின்றாள். "என்ன மாமி கெடச்சுது?"

"எவனோ விட்ட படகு. நீ போயி ரொட்டியச் சுடு."

முலூக் நகரவில்லை. அந்தப் படகின் பாய், அவளுடைய கல்யாண முக்காட்டின் பச்சை ஓரத்தைக் கிழித்துத் தைத்தது. அவள் மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"உப்புக் கரிக்குதுடி, உனக்கு வேணாம்."

"குடுங்க மாமி."

இரண்டு பேரும் தின்றார்கள். கடலை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிப் பேரீச்சையை இரண்டாகப் பிய்த்துக்கொண்டே முலூக் சொன்னாள். "சலாமா சோத்தைத் தின்னுட்டோம்னு அவரு வந்து நம்மளத் திட்டப்போறாரு."

"திட்டட்டும்டி," என்றாள் ஹாஜர். "வந்து திட்டட்டும்."