வெண்டலின் இரண்டு வருடங்கள்

காலை ஏழரை மணிக்கு வெண்டல் நோவிக்கி வேலிக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு குனிந்து நிற்பார். கால்கள் அகன்றிருக்கும், தலை முழங்காலுக்குக் கீழே தொங்கும். பதினைந்து கஜம் பின்னால், வேலியில் ஒரு துணிக்கூடை கட்டியிருக்கும். முட்டை வடிவப் பந்து அவர் கால்களுக்கு நடுவிலிருந்து சுழன்று கிளம்பி, இமைக்கும் நேரத்தில் கூடையில் விழும். ஒரு நாளைக்கு நாற்பது முறை. அடுத்த வீட்டுத் திருமதி ஹாலோரன் முதல் நாள் இந்தக் காட்சியைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். பிறகு பழகிவிட்டது. காபிக் கோப்பையோடு வந்து அந்தப் பின்புறத்துக்கே காலை வணக்கம் சொல்வார். கால்களுக்கு நடுவிலிருந்து பதில் வரும்.

அமெரிக்கக் கால்பந்தில் அதுதான் அவர் தொழில். அணி பந்தை உதைத்தாக வேண்டிய கட்டங்களில் மட்டும் களத்துக்குள் ஓடுவார். குனிந்து, உதைப்பவனுக்குப் பந்தைப் பின்னால் விடுவார். எதிரே நிற்கும் நூற்றைம்பது கிலோ ஆள் மேலே வந்து விழுவான். எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார். ஓர் ஆட்டத்தில் பத்துத் தடவை. சில நாள் அதுகூட இல்லை. "நான் ஒழுங்கா விட்டா எம் பேரு எவனுக்கும் தெரியாது. ஒண்ணு தப்பிச்சுன்னா ஊருக்கே தெரியும்" என்பார். ஒன்பது வருடத்தில் அவர் பெயர் ஊருக்குத் தெரிந்ததில்லை.

அந்த ஒன்பது வருடத்தில் ஐந்து அணிகள். ஒப்பந்தத்தில் மூன்று வருடம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே போய்ப் படித்தால், வேண்டாம் என்று தோன்றுகிற நாளில் அனுப்பிவிடலாம் என்றிருக்கும். இரண்டு முறை முதல் வருடம் முடிந்ததும் அனுப்பினார்கள். மனைவி மார்லாவின் ஊர் டொலீடோ. வேலை போன மாதங்களில் அங்கே வந்து, மாத வாடகைக்கு வீடு பிடிப்பார்கள். மகள் ஹேஸல் நாலாம் வகுப்பு முடிப்பதற்குள் ஐந்து பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். கடைசிப் பள்ளியில் சிநேகிதி பெயரைக் கேட்டபோது, "கத்துக்கிட்டு என்ன பண்ணப் போறேன்?" என்றாள். அன்று வெண்டல் சாப்பிடவில்லை.

ஒன்பதாம் வருடம் முடிந்த பிப்ரவரியில் ஐந்தாவது அணியும் அவரை விட்டது. வெண்டல் தன் ஏஜெண்ட் ஹைரம் பெக்கிடம் சொன்னார்: "சம்பளம் குறைஞ்சாலும் பரவால்ல. ரெண்டு வருஷம், முழு உத்தரவாதம். கால் ஒடஞ்சாலும், அவங்களுக்கு என்னைப் புடிக்கலேன்னாலும், ரெண்டு வருஷம் ரெண்டு வருஷம்தான்."

பெக் சிரித்துவிட்டார். "நட்சத்திர ஆட்டக்காரனுக்கே இப்ப அது கெடைக்கல. நீ பந்தைப் பின்னாடி விடுறவன்யா."

"கேட்டுத்தான் பாரேன்."

பெக் ஏழு அணிகளுக்குப் போன் போட்டார். வெண்டல் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே ஹேஸலின் கணக்கு நோட்டில் எழுதினார். மாட்டேன் என்று ஏழு பேரும் சொன்னது அவரை உறுத்தவில்லை. ஐந்து பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னதுதான் உறுத்தியது: 'கொள்கையளவில் இந்த வருடம் அது எங்களுக்குச் சரிப்படாது.' ஒரு சொல் முன்னே பின்னே இல்லை.

"அஞ்சு பயலுவ ஒரே பேப்பரப் பாத்துக் காப்பியடிச்ச மாதிரி இல்ல?" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

பெக்குக்கு முகம் வெளுத்தது. முந்தைய வருடம் ஓர் உரிமையாளர் தன் நட்சத்திர ஆட்டக்காரனுக்கு முழு உத்தரவாதம் கொடுத்துவிட்டார். மற்ற உரிமையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஃப்ளோரிடா ஓட்டல் ஒன்றில் அவர்கள் கூடியபோது, இனி யாரும் அப்படிக் கொடுப்பதில்லை என்று பேசிவைத்துக்கொண்டதாக ஆட்டக்காரர் சங்கம் வழக்குப் போட்டிருந்தது. கையில் ஆதாரம் குறைவு.

"இந்த நோட்டை யார்ட்டயும் காட்டாதே. சாட்சி சொன்னவன்னு தெரிஞ்சா உன்னை எவனும் எடுக்க மாட்டான்."

"இப்ப மட்டும் வரிசையில நிக்கிறானுவளா?"

மே மாதம், கதவடைத்த ஓர் அறையில் மத்தியஸ்தர் முன் வெண்டல் சாட்சி சொன்னார். உரிமையாளர் தரப்பு வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்: அவர்கள் பேசிவைத்துக்கொண்டதை நீங்கள் காதால் கேட்டீர்களா? "இல்லை" என்றார் வெண்டல். சங்கத்து வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வந்ததும் பெக், "கொஞ்சம் இழுத்துச் சொல்லியிருக்கலாம்ல?" என்றார். "எழுதுனது எனக்குத் தெரியும். எழுதாதது எனக்குத் தெரியாதுப்பா."

ஜூன் போயிற்று. ஜூலை போயிற்று. ஒரு போன் வரவில்லை. வெண்டல் துணிக்கூடைக்குப் பந்து விட்டுக்கொண்டே இருந்தார். மார்லா மச்சினனின் கூரை வேலைக் கம்பெனியில் இடம் கேட்டு வைத்தாள். கணவனிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும், அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் வாய்ப்பு உள்ளூரிலேயே முளைத்தது. டொலீடோ அணியின் ஒத்திகை ஆட்டத்தில், புதிதாக எடுத்த ஆள் பந்தை உதைப்பவன் தலைக்கு மேலே இரண்டு முறை விட்டான். உதைப்பவன் டாவிட்டா ஃபோனோட்டி, வெண்டலோடு முன்பு வேறோர் அணியில் ஆடிய சமோவாக்காரன். தலையில் கட்டிய துண்டோடு நேராக மேலாளர் கோர்டன் விட்டிங் அறைக்குள் போனானாம். "எங்கண்ணன் பத்து நிமிஷத் தூரத்துல வேலிக்குப் பந்து போட்டுட்டு ஒக்காந்திருக்கான். நீங்க என்னன்னா ஏணி வெச்சுப் பந்து புடிக்கச் சொல்றீங்க!"

விட்டிங் அன்று மாலையே வெண்டலையும் பெக்கையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல சம்பளம் சொன்னார். வெண்டல் அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். பெக் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார்.

"அதுக்குப் பதிலா ரெண்டு வருஷமும் முழு உத்தரவாதம்" என்றார் வெண்டல்.

"அதை மட்டும் கேக்காதீங்க. கொள்கையளவில இந்த வருஷம்..." விட்டிங் பாதியில் நிறுத்தினார். தன் வாயே தன்னைக் காட்டிக்கொடுத்தது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெண்டல் நோட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "பரவால்ல சார். ஞாயித்துக்கிழம டாவிட்டாவுக்கு ஏணி மட்டும் அனுப்பிருங்க."

விட்டிங் அவரை உட்காரச் சொல்லிவிட்டு உரிமையாளருக்குப் போன் செய்ய வெளியே போனார். இருபது நிமிடம். வெண்டல் அந்த இருபது நிமிடமும் தன் சட்டைப் பொத்தானையே திருகிக்கொண்டிருந்தார். அது கையோடு வந்துவிட்டது. விட்டிங் திரும்பி வந்து, நின்றபடியே சொன்னார்: "ஆளுக்கு ஆள் கேப்பாங்களேன்னு அவருக்குக் கவலை. ஆனா போன வருஷம் கடைசி ஆட்டத்த ஒரு கெட்ட பந்துலதான் தோத்தோம். அது அவருக்கு அதவிடப் பெரிய கவலை. கையெழுத்துப் போடுங்க."

நாலாவது ஆட்டத்தில் வெண்டல் பந்தைச் சரியாகத்தான் விட்டார். மேலே விழுந்தவன் பக்கவாட்டில் விழுந்தான். முழங்காலில் ஏதோ அறுந்த சத்தம் அவருக்கே கேட்டது. புல்லில் மல்லாந்து கிடந்து, வலியில் பல்லைக் கடித்தவர், சட்டென்று சிரிக்க ஆரம்பித்தார். தலையிலும் அடி பட்டுவிட்டதென்று டாக்டர் பதறி மண்டியிட்டார்.

"இன்னைக்கு என்ன கெழம, சொல்லுங்க."

"ஞாயிறு டாக்டர். அடுத்த வருஷமும் எனக்கு வேலை இருக்கு."

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த மார்லா கட்டுப்போட்ட காலைப் பார்த்து அழுதாள். "ஏண்டி, கையெழுத்துப் போட்டாச்சுடி" என்றார். அவள் அவர் தோளில் குத்தினாள். பிறகு அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டாள். இதே காயம் பழைய ஒப்பந்தங்களில் இருந்தபோது பட்டிருந்தால், கால் ஆறும்வரை சோறு போட்டுவிட்டு, ஆறியதும் வேலைநீக்கக் கடிதம் கொடுத்திருப்பார்கள். இருவருக்கும் அது தெரியும்.

அக்டோபரில் தீர்ப்பு வந்தது. உத்தரவாதத்தைக் குறைக்கும்படி, அணிகளை நடத்தும் லீக் நிர்வாகம் உரிமையாளர்களைத் தூண்டியது உண்மை; ஆனால் உரிமையாளர்கள் தங்களுக்குள் உடன்பட்டார்கள் என்பதற்கு ஆதாரம் போதாது. பெக் போனில் கத்தித் தீர்த்தார். வெண்டல் பொறுமையாகக் கேட்டார். "ஒருத்தன் வரிசைய விட்டு வெளிய வந்தான்ல? அவன் போட்ட ஒப்பந்தத் தாளு என்கிட்ட இருக்கு. அடுத்தவன் கேக்கறப்ப காட்டலாம்" என்றார். சொல்லி முடித்தபோது குரலில் கொஞ்சம் கசப்பு இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

மறுநாள் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையத்தில், மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள்: "அடுத்த தடவை எப்ப எழுதட்டும் மிஸ்டர் நோவிக்கி? நவம்பர் ரெண்டு வாரம் மட்டும் போட்டு வைக்கவா?"

வெண்டல் ஊன்றுகோலை மேசையோரம் சாய்த்துவிட்டு, அவள் முன்னால் இருந்த தடித்த நாட்குறிப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நவம்பரைப் புரட்டினார். டிசம்பரைப் புரட்டினார். புது வருடத்துக்குள் போய், ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமைமேல் விரலை வைத்து, "இதுவரைக்கும் எல்லாத்தையும் எழுதுங்க, பேனாவுல" என்றார்.